நீர்ப்பூங்காவைக் காக்கும் சிறு மீன்

2019 ஜூன் முதல் வாரம். சென்னையில் எங்கள் அடுக்ககத்தின் ஆழ்துளைக் கிணறு வற்றி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. தண்ணீர் லாரி வரும் நேரத்தைக் கணித்துப் பக்கத்து வீட்டாரிடம் குடங்களை ஒப்படைத்துவிட்டு, நானும் மனைவியும் இரவு விமானம் ஏறினோம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரில் மகன் குடும்பம் வசிக்கிறது. போய்ச் சேர்ந்த சில நாட்களில், பேரப்பிள்ளைகளின் கோடை விடுமுறையை முன்னிட்டு, "சனிக்கிழமை தண்ணீரில் விளையாடப் போகலாம்" என்றான் மகன். நான்கு ஏரிகளும் காய்ந்து கிடந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு அந்தச் சொற்கள் சற்றுக் கூச்சமாகவே ஒலித்தன.

அவன் அழைத்துச் சென்ற இடம், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவில் உள்ள நியூ பிரான்ஃபெல்ஸ் என்னும் சிறு நகரம். 1845 இல் ஜெர்மானியக் குடியேறிகள் உருவாக்கிய ஊர். அங்குள்ள நீர்ப்பூங்காவின் பெயர் ஷ்லிட்டர்பான். வழுக்குப் பாதை என்பதுபோல் பொருள்படும் ஜெர்மன் சொல் அது. பெயரை உச்சரிக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. பேத்தி ஒவ்வொரு முறையும் திருத்திக்கொண்டே வந்தாள்.

நம் ஊரின் கேளிக்கைப் பூங்காக்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு முதல் வியப்பு வாசலிலேயே காத்திருந்தது. வண்டி நிறுத்தக் கட்டணம் இல்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவை யாரும் பிடுங்கவில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. மருமகள் கட்டிய புளியோதரையும் தயிர்சாதமும் பனிக்கட்டிப் பெட்டியில் கம்பீரமாக உள்ளே நுழைந்தன. மிதக்க உதவும் டியூபுக்கும் உயிர்காப்புச் சட்டைக்கும் வாடகை இல்லை. மரத்தடியில் மேசை பிடித்துப் பையை வைத்துவிட்டால், மாலை வரை அதுவே நம் வீடு. சுற்றிலும் மூன்று தலைமுறைகள் ஒன்றாக வந்த குடும்பங்கள். ஸ்பானிய மொழி பேசும் பாட்டிமார்கள் பலர், என் மனைவியைப் போலவே, முழு உடையோடு கால்களை மட்டும் நனைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள்.

இந்தத் தாராளத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஹென்றி என்னும் குடும்பம் 1966 இல் ஆற்றங்கரையிலிருந்த ஒரு விடுதியை வாங்கியது. தங்க வருவோரின் பிள்ளைகள் விளையாடுவதற்காக அவர்கள் தொடங்கிய வேலையே, 1979 இல் நான்கு சறுக்குகள் கொண்ட பூங்காவாகத் திறக்கப்பட்டது. சறுக்குகள் தொடங்கும் கோபுரம், ஜெர்மனியின் பிரான்ஃபெல்ஸ் நகரக் கோட்டையின் சாயலில் கட்டப்பட்டது. அன்றைக்கு நீர்ப்பூங்கா என்பதே புதிய தொழில். நவீன நீர்ப்பூங்காக்களுக்கு முன்னோடி எனக் கருதப்படுவது ஃபுளோரிடாவில் 1977 இல் திறக்கப்பட்டு 2016 இறுதியில் மூடப்பட்ட ஒன்று. பார்த்து நகல் எடுக்க மாதிரிகள் இல்லாததால், ஹென்றி குடும்பத்தார் ஆற்றங்கரைச் சரிவையும் மரங்களையும் அனுசரித்துத் தாங்களே கான்கிரீட் கால்வாய்களை அமைத்தார்கள். பழைய பகுதியில் இன்றும் அந்தக் கைவேலை தெரிகிறது. நேர்கோடு எங்கும் இல்லை. மரம் குறுக்கிட்டால் கால்வாய் வளைந்துகொள்கிறது.

அந்தக் கால்வாய் ஒன்றில்தான் நானும் இறங்கினேன். எழுபதை நெருங்கும் வயதில், இரவல் அரைக்கால் சட்டையில், டியூபில் மல்லாந்து படுத்தபடி. வெளியே வெயில் முப்பத்தேழு டிகிரி. தண்ணீர் பட்டதும் உடல் சிலிர்த்தது. குளோரின் வாடை அறவே இல்லை. சிறு அருவிபோல் ஓரிடத்தில் தள்ளிவிடும். பிறகு குளம்போல் தேங்கிய இடத்தில் பத்து நிமிடம் சும்மா சுற்ற வைக்கும். முன்னால் மிதப்பவரின் டியூபில் நம் டியூப் இடிக்கும்; இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம்; மறுபடியும் இடிக்கும். தலைக்கு மேலே இலைகள். சிறுவயதில் எங்கள் ஊர் வாய்க்காலில் வாழைத்தண்டைக் கட்டிப்பிடித்து மிதந்ததற்குப் பிறகு, நீரில் இவ்வளவு சோம்பேறித்தனமாக நான் இருந்ததில்லை.

ஆனால், கரையில் இருந்தவர்கள் சோம்பேறித்தனமாக இல்லை. ஒவ்வொரு வளைவிலும் கல்லூரி வயதுப் பையனோ பெண்ணோ, சிவப்பு மிதவையை நெஞ்சோடு அணைத்தபடி, தலையை இடமும் வலமும் திருப்பித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைப்பேசி இல்லை, அரட்டை இல்லை. என் பேத்தியின் உயிர்காப்புச் சட்டையில் ஒரு வார் அவிழ்ந்திருந்ததைக் கண்ட ஒரு பெண், ஊதலை ஊதி, பின்னால் வந்த அத்தனை டியூப்களையும் நிறுத்தி, வாரைப் பூட்டி, இழுத்துப் பார்த்த பிறகே விட்டாள். யாரும் முணுமுணுக்கவில்லை. நாம் இளைப்பாறுவதற்கு யாரோ விழித்திருக்க வேண்டியிருக்கிறது என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

இதே குடும்பத்தின் கதையில் இதற்கு நேர்மாறான ஓர் அத்தியாயமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அதே பெயரில் கேன்சஸ் மாநிலத்தில் அவர்கள் நடத்திய மற்றொரு பூங்காவில், 2014 இல், ஐம்பது மீட்டருக்கும் மேல் உயரமான ஒரு சறுக்கு திறக்கப்பட்டது. உலகிலேயே உயரமான நீர்ச்சறுக்கு என்ற சாதனைதான் அதன் நோக்கம். 'பைத்தியம்' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்கள். 2016 ஆகஸ்டில், அதில் சென்ற படகு பாதையிலிருந்து மேலெழும்பியதில் பத்து வயதுச் சிறுவன் உயிரிழந்தான். கேளிக்கைச் சாதனங்கள் மீதான அரசின் மேற்பார்வை அம்மாநிலத்தில் அப்போது மிகத் தளர்வாக இருந்தது. 2017 இல்தான் சட்டம் இறுக்கப்பட்டது. சறுக்கு 2018 இல் இடித்துத் தள்ளப்பட்டது. பூங்காவின் உரிமையாளர் உள்ளிட்டோர் மீதான குற்றச்சாட்டுகள், சான்றுகள் முன்வைக்கப்பட்ட முறையில் இருந்த குறைகளால் 2019 இல் நீதிமன்றத்தால் தள்ளுபடி செய்யப்பட்டன. நாங்கள் நியூ பிரான்ஃபெல்ஸ் சென்ற அதே ஜூன் மாதத்தில்தான், அந்தப் பூங்காவையும் கால்வெஸ்டன் நகரிலுள்ள மற்றொன்றையும் ஒரு பெருநிறுவனத்துக்கு 26.1 கோடி டாலருக்கு விற்கும் அறிவிப்பு வெளியானது. அந்த நிறுவனமும் 2024 இல் மற்றொரு பெருநிறுவனத்தோடு இணைந்துவிட்டது. அறியாமலேயே, குடும்ப நிர்வாகத்தின் கடைசிக் கோடையில் நாங்கள் மிதந்திருக்கிறோம்.

பிற்பகலில், புளியோதரை முடிந்த பிறகு, என் பழைய தொழில் புத்தி விழித்துக்கொண்டது. நிலத்தடி நீரோடு முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று மகனைக் கேட்டேன். அவன் பூங்காவை ஒட்டி ஓடும் கோமால் ஆற்றைக் காட்டினான். பழைய பகுதிக்கு வேண்டிய நீர் அந்த ஆற்றிலிருந்து மேலே இறைக்கப்படுகிறது. கால்வாய்கள் வழியே இறங்கி மீண்டும் ஆற்றிலேயே சேர்ந்துவிடுகிறது. குளோரின் வாடை இல்லாததன் காரணம் அதுதான். பிற்காலத்தில் கட்டிய பகுதிகளில் வழக்கமான சுத்திகரிப்பு முறை உண்டு.

அந்த ஆறும் விசித்திரமானது. அதன் முழு நீளம் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர்; பிறப்பும் முடிவும் ஒரே ஊருக்குள். நகரப் பூங்காவில் ஒரு குன்றின் அடிவாரத்தில், பாறை இடுக்குகளிலிருந்து ஊற்றாகப் பொங்கி வருகிறது. டெக்சாஸின் மிகப் பெரிய ஊற்று அதுவே. நீண்டகாலச் சராசரியில் நொடிக்கு எட்டாயிரம் லிட்டர். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 23 டிகிரி வெப்பம். பூமிக்குள்ளிருந்து நேரே வருவதால் கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் வெதுவெதுப்பு. மூலம், எட்வர்ட்ஸ் எனப்படும் நிலத்தடி நீர்த்தாங்கி. துளைகளும் குகைகளும் நிறைந்த சுண்ணாம்புப் பாறை அடுக்கு அது. மேற்கே பெய்யும் மழை பாறைப் பிளவுகள் வழியே உள்ளிறங்கி, வெகுதூரம் பயணித்து, நிலப் பிளவு குறுக்கிடும் இடத்தில் மேலே எழுகிறது. மணற்படுகையில் ஆண்டுக் கணக்கில் கசிவதைப் போலன்றி, இப்பாறையில் நீர் விரைவாக ஓடும். மழை பெய்தால் மட்டம் சட்டென ஏறும். இறைத்தால் சட்டெனச் சரியும்.

சரிந்தும் இருக்கிறது. 1950களின் நெடிய வறட்சியில், 1956 ஆம் ஆண்டு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் கோமால் ஊற்று முற்றிலும் நின்றுபோயிற்று. ஆறு இருந்த இடத்தில் குட்டைகள் மிஞ்சின. மழையின்மை மட்டுமே அதற்குக் காரணமன்று. வயல்களுக்கும், வளர்ந்துகொண்டிருந்த சான் அன்டோனியோ நகருக்கும் அதே பாறையிலிருந்துதான் தண்ணீர் இறைக்கப்பட்டது. எவ்வளவு இறைக்கலாம் என்பதற்கு வரையறையே இல்லை.

ஏன் இல்லை என்பதற்கான விடை இங்கிலாந்தில் இருக்கிறது. ஒரு நிலக்கரிச் சுரங்கத்தால் அண்டையிலிருந்த பருத்தி ஆலையின் கிணறு வற்றிய வழக்கில், 1843 இல் ஆங்கிலேய நீதிமன்றம், தன் நிலத்தடி நீரை நிலச் சொந்தக்காரர் விரும்பியபடி எடுத்துக்கொள்ளலாம். அண்டை வீட்டார் கிணறு வற்றினால் அவர் பொறுப்பல்லர் என்று தீர்ப்பளித்தது. 1904 இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அதையே ஏற்றது. பூமிக்கடியில் நீர் எப்படி நகர்கிறது என்பது மறைபொருள், அதற்கு விதி வகுக்க முடியாது என்பது ஒரு காரணம். 'பெரிய பம்பு வைத்திருப்பவனே வெல்வான்' என்று அங்குள்ள மக்கள் கேலி செய்யும் இச்சட்டத்தின் உச்சம் 1991 இல் வந்தது. சான் அன்டோனியோவுக்கு அருகே கெளுத்தி மீன் பண்ணை வைத்த ஒருவர் மாபெரும் ஆழ்துளைக் கிணறு தோண்டினார். ஒரு மாநகரம் முழுவதும் பயன்படுத்தும் நீரில் ஏறத்தாழ கால் பங்கை அந்த ஒரே பண்ணை எடுத்தது. அது சட்டப்படி குற்றமே அல்ல.

மனிதர்களின் கிணறுகளுக்காக அசையாத சட்டத்தை ஒரு மீன் அசைத்தது. ஃபவுண்டன் டார்ட்டர் என்னும் அந்த மீன் விரல் நீளங்கூட இராது. கோமால், அண்டையிலுள்ள சான் மார்கோஸ் ஆகிய இரு ஊற்றாறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக இல்லை. 1956 வறட்சியோடு கோமாலில் அழிந்து, 1970களில் சான் மார்கோஸிலிருந்து கொண்டுவந்து மீண்டும் விடப்பட்டது. ஊற்று நின்றால் மீன் அழியும்; அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களைக் காக்கும் கூட்டரசுச் சட்டத்தை அது மீறுவதாகும் என்று சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 1993 இல் கூட்டரசு நீதிபதி அதை ஏற்றார். மாநிலம் தானே கட்டுப்பாடு கொண்டுவராவிட்டால் மத்திய அரசு நேரடியாகத் தலையிடும் நிலை உருவானது. அதே ஆண்டு டெக்சாஸ் சட்டமன்றம் எட்வர்ட்ஸ் நீர்த்தாங்கிக்கென ஓர் ஆணையத்தை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

இப்போது அந்த நீர்த்தாங்கியிலிருந்து உரிமம் பெற்று எடுக்கும் நீருக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. நம் கணக்கில் சொன்னால் சுமார் 25 டி.எம்.சி.; அதாவது மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவில் கால் பங்குக்குச் சற்று மேல். சான் அன்டோனியோவில் ஓர் ஆய்வுக் கிணற்றின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 660 அடிக்குக் கீழே இறங்கினால் அனைவரும் 20 சதவீதம் குறைக்க வேண்டும். மேலும் இறங்க இறங்க வெட்டு ஏறி, கடைசிக் கட்டத்தில் 44 சதவீதத்தை எட்டும். நகரம், ஆலை, வயல் என எதற்கும் விலக்கு கிடையாது. எனக்கு மிகவும் பிடித்தது விவசாயிகளுக்கான ஏற்பாடு. முன்வந்து பதிவு செய்துகொண்ட விவசாயிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை. அக்டோபர் முதல் நாள் கிணற்று மட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால், அடுத்த ஆண்டு அவர்கள் இறைப்பதை நிறுத்த வேண்டும். அதற்குக் கூடுதல் தொகை. தியாகம் செய் என்று விவசாயியிடம் உபதேசிக்காமல், தியாகத்துக்கு விலை கொடுக்கிறார்கள்.

இது எல்லாருக்கும் இனித்தது என்று சொல்ல மாட்டேன். நிலத்தடி நீர் நிலச் சொந்தக்காரரின் உடைமையே. கட்டுப்பாட்டால் அந்த உடைமை பறிபோனால் இழப்பீடு கோரலாம் என்று 2012 இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் கூறியது. தாகம் தீர்க்க சான் அன்டோனியோ நகரம் 2020 முதல் 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேறொரு நீர்த்தாங்கியிலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுவருகிறது. அந்தப் பகுதி மக்கள் தங்கள் கிணறுகள் இறங்குவதாகக் குறைபடுகிறார்கள். ஓரிடத்தில் அணை போட்டால் தாகம் வேறிடம் தேடும். ஆனாலும், கசிவுகளை அடைத்தும் வீட்டுப் புல்வெளிகளைச் சுருக்கியும், 1980களோடு ஒப்பிட்டால் தலைக்கு ஆகும் நீர்ச்செலவை அந்நகரம் ஏறத்தாழ பாதியாகக் குறைத்திருக்கிறது. 1956க்குப் பிறகு கோமால் ஊற்று ஒரு முறைகூட முழுதாக நிற்கவில்லை.

மாலையில் ஈரத்துணியோடு மரத்தடியில் அமர்ந்து இதையெல்லாம் மகனின் கைப்பேசியில் படித்தேன். படிக்கப் படிக்க ஊர் நினைவு உறுத்தியது. அதே ஆங்கிலேயத் தீர்ப்பின் நிழல் நம் மீதும் விழுந்திருக்கிறது. தன் நிலத்துக்கு அடியிலுள்ள நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமை நிலச் சொந்தக்காரருக்கு உண்டு என்று 1882 ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் சொல்கிறது. அதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு 2003 இல் நிலத்தடி நீருக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. பத்தாண்டுகள் கழித்து, 2013 இல், நடைமுறைக்கு வராமலேயே அது நீக்கப்பட்டது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கு 1987 முதல் தனிச்சட்டம் உண்டு. அந்தச் சட்டம் அமலில் இருந்த பகுதியில்தான் எங்கள் கிணறும், பக்கத்து அடுக்ககங்களின் கிணறுகளும் ஒன்றையொன்று விஞ்ச ஆழமாகிக்கொண்டே போயின. முதலில் இருநூறு அடி, பிறகு நானூறு. எங்கள் சங்கக் கூட்டத்தில் மேலும் ஆழப்படுத்தத் தீர்மானம் வந்தபோது, துறை அறிந்தவன் என்று என்னிடம் கருத்துக் கேட்டார்கள். பக்கத்துக் கட்டடத்தார் ஏற்கெனவே தோண்டிவிட்டார்கள், நமக்கு வேறு வழியில்லை என்று நானும் கைதூக்கினேன். டெக்சாஸ் கெளுத்திப் பண்ணைக்காரரை விட எனக்குப் பெரிய நியாயம் ஒன்றும் இருக்கவில்லை, பம்புதான் சிறியது.

அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்த செய்தியை நியூ பிரான்ஃபெல்ஸுக்கு இரண்டாம் முறை போகும் வழியில் காரில் படித்தேன். பேரன், "ரயிலில் தண்ணீர் சிந்தாதா தாத்தா?" என்று கேட்டான்.

அன்று பூங்காவுக்குள் போகவில்லை. ஊற்றைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதால் நகரப் பூங்காவுக்குப் போனோம். பாறை இடுக்கிலிருந்து ஓசையே இல்லாமல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அடியில் பாசியின் ஒவ்வொரு இழையும் தெரியும் தெளிவு. பிள்ளைகள் இருவரும் கரையில் குப்புறப் படுத்து அந்தச் சிறு மீனைத் தேடினார்கள். அரை மணி நேரத்தில் எத்தனையோ மீன்களைக் காட்டினார்கள். எதுவும் அது இல்லை என்று தகவல் பலகையில் இருந்த படத்தோடு ஒப்பிட்டு அவர்களே முடிவு செய்தார்கள்.

அந்த ஆய்வுக் கிணற்றின் மட்டத்தை ஆணையம் நாள்தோறும் வெளியிடுகிறது. 2023 வறட்சியில் அந்த எண் இறங்க இறங்க, ஊற்றின் ஓட்டமும் வெகுவாகச் சுருங்கியது; ஆனால் நிற்கவில்லை. காலையில் செய்தித்தாளில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்த பிறகு அதையும் ஒருமுறை பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எங்கள் அடுக்ககக் கிணற்றிலும் இப்போது அளவுக்கயிறு விட்டு மாதந்தோறும் மட்டம் குறிக்கிறேன். தரைத்தள அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கிறேன். பக்கத்துக் கட்டடத்தாரிடமும் அவர்கள் கணக்கைக் கேட்டிருக்கிறேன், இன்னும் தரவில்லை.